சென்னைக் காற்றுக்கு வேல்ஸ் சுரங்கத்தின் அளவுகோல்

ஓவியக் கண்காட்சிகளுக்குச் சுவர் எழுப்புவது, படங்களை மாட்டுவது, விளக்குகளைத் திருப்பி வைப்பது, காட்சி முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிப் பொதிந்து அனுப்புவது ஆகியவை என் தொழில். சென்னையின் தனியார் கலைக்கூடங்களில்தான் பெரும்பாலும் வேலை. கடந்த சில ஆண்டுகளாகச் சூழலியலைத் தொடாத கண்காட்சி அபூர்வமாகிவிட்டது. வற்றிய ஏரி, குப்பை அடைத்த ஆறு, சாம்பல் படிந்த கழிமுகம் என்று கலைஞர்கள் எடுத்துக்கொள்பவை எல்லாம் அவசியம் பேசப்பட வேண்டியவையே. தொடக்க நாளன்று பார்வையாளர்களும் அக்கறையோடு கேட்கிறார்கள்: இது கையால் செய்த தாளா, இந்த நிறம் தாவரச் சாயமா, இந்தக் கம்பி பழைய இரும்புக் கடையில் வாங்கியதா என்று. அந்தப் படைப்பைச் சூழ்ந்து நிற்கும் காற்றைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. ஒரு கலைக்கூடம் பூமியின் மீது ஏற்றும் சுமையில் பெரும்பங்கு சுவரில் தொங்கும் பொருளில் இல்லை. அது இரவுபகலாகக் குளிரூட்டப்படும் அறையிலும், படைப்பு வந்திறங்கும் பெட்டியிலும், அந்தப் பெட்டி ஏறி வந்த விமானத்திலும் இருக்கிறது. இவற்றுள் காற்றைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறோம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

படைப்புகளை இரவல் தரும் நிறுவனங்களும் சேகரிப்பாளர்களும் கையெழுத்து வாங்கும் ஒப்பந்தங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும். அறையின் ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு அதில் இருக்கிறது என்ற அளவு, 50 சதவீதம், அதற்கு மேலும் கீழும் 5 சதவீதம்வரை போகலாம். வெப்பநிலை 20 அல்லது 21 டிகிரி, அதிலும் ஓரிரு டிகிரிக்கு மேல் மாறக்கூடாது. நெடுங்காலம் இதை வேதியியல் விதியைப் போன்ற ஒன்றாகவே நானும் எடுத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் இந்த எண்களுக்கு ஊரும் காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சிலிருந்து காப்பாற்றுவதற்காக லண்டன் தேசிய ஓவியக் கூடத்தின் படங்கள் முதலில் வேல்ஸ் பகுதியின் மாளிகைகளுக்கும் கல்லூரிக் கட்டடங்களுக்கும், பிறகு 1941இல் அங்குள்ள மனோட் என்னும் பலகைக்கல் சுரங்கத்துக்கும் கொண்டுசெல்லப்பட்டன. மலைக்குள்ளே செங்கல் அறைகள் கட்டி, அவற்றைச் சூடேற்றி, ஏறத்தாழ 17 டிகிரி வெப்பத்திலும் 42 சதவீத ஈரப்பதத்திலும் மாறாமல் வைத்திருந்தார்கள். அதுவரை ஆண்டுதோறும் வண்ணம் செதில்செதிலாகப் பெயர்ந்துகொண்டிருந்த ஓவியங்கள் அங்கே அமைதியடைந்தன. போர் முடிந்து லண்டனுக்குத் திரும்பியதும் பெயர்வது மறுபடியும் தொடங்கியது. எண்ணைவிட அதன் நிலையான தன்மையே படங்களைக் காத்தது என்ற பாடத்தோடு, இயந்திரத்தைக் கொண்டு அந்தச் சுரங்கத்தை நகரத்துக்குள் உண்டாக்கலாம் என்ற எண்ணமும் அங்கிருந்துதான் பிறந்தது.

அதே கூடத்தின் அறிவியல் ஆலோசகராக இருந்த காரி தாம்சன் 1978இல் எழுதிய கையேடு இந்த அளவுகளை உலகமெங்கும் கொண்டுசேர்த்தது. ஈரப்பதம் 4, 5 சதவீதத்துக்குள்தான் ஏறி இறங்க வேண்டும் என்ற வரம்பு, சிறிய மாற்றங்கள் ஓவியத்துக்கு என்ன தீங்கு செய்யும் என்ற ஆழ்ந்த அறிவிலிருந்து வந்ததல்ல, குளிர்சாதனங்களிடமிருந்து நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது அவ்வளவுதான் என்பதிலிருந்து வந்தது என்று அவரே அந்தக் கையேட்டில் எழுதிவைத்தார். அந்த நேர்மையான குறிப்பை உலகம் கடந்துபோய்விட்டது. எண்களை மட்டும் எடுத்துக்கொண்டது. காப்பீட்டு நிறுவனம் கேட்டது, இரவல் தருபவர் கேட்டார், கட்டட வடிவமைப்பாளர் எழுதினார், அடுத்த ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்தவர் முந்தைய ஒப்பந்தத்தைப் பார்த்து அப்படியே அடித்தார். இப்படித்தான் குளிர் நாட்டு எண்கள் வங்கக் கடலோரத்துக்கு வந்துசேர்ந்தன.

இங்கே அவற்றைக் கடைப்பிடிப்பது என்றால் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். சென்னையில் ஓர் ஐப்பசி மாதத்து மாலையில் வெளிக்காற்று 30 டிகிரியிலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றிலுள்ள நீராவி 25 டிகிரியைத் தொட்டவுடன் துளியாகத் தொடங்கிவிடும். நமக்கு வேண்டியது 20 டிகிரியும் 50 சதவீதமும் என்றால், தேவைக்கு மிஞ்சிய நீரைக் காற்றிலிருந்து பிழிந்தெடுப்பதற்காக அதை ஏறக்குறைய 9 டிகிரிவரை குளிர்விக்க வேண்டும். அத்தனை குளிர்ந்த காற்றை அப்படியே அறைக்குள் விட முடியாது. ஆகவே அதை மறுபடியும் சூடாக்கி 20 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். குளிர்விக்க ஒருமுறை மின்சாரம், குளிர்வித்ததைச் சூடாக்க மறுமுறை மின்சாரம். இதையே 25 டிகிரி, 60 சதவீதம் என்று தளர்த்தினால் 17 டிகிரியை ஒட்டிக் குளிர்வித்தால் போதும். சூடாக்கும் வேலையும் ஏறத்தாழக் கால்பங்கு குறைந்துவிடும். ஒப்பந்தத் தாளில் இரண்டு எண்களைத் திருத்துவதால் கிடைக்கும் இந்த வேறுபாட்டை எந்த மறுசுழற்சித் தாளும் ஈடுசெய்ய முடியாது.

அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதும் நம் ஊரில் அருவமான கேள்வி அல்ல. தமிழ்நாட்டில் காற்றாலைகளும் சூரிய மின்நிலையங்களும் கணிசமாகவே உள்ளன. ஆனால் பார்வையாளர் யாருமற்ற நள்ளிரவில் கூடத்தைக் குளிர்விக்கும்போது சூரியன் இருப்பதில்லை. பெரும்பாலும் நிலக்கரிதான் எரிகிறது. எண்ணூரின் அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படிந்து, மீனையும் இறாலையும் நம்பி வாழ்ந்தவர்களின் தொழிலைக் குலைத்திருப்பதை ஒளிப்படங்களாக நாம் கூடங்களில் மாட்டுகிறோம். அந்தப் படங்களுக்கு 20 டிகிரி கேட்கும் ஒப்பந்தம் வந்தால், அதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு உறுத்துகிறது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம்மிடம் இருக்கும் ஏசிகளில் பலவற்றில் ஆர்-410ஏ என்னும் குளிர்பதன வாயு நிரப்பப்பட்டிருக்கிறது. அது ஒரு கிலோ கசிந்தால், கரியமில வாயு 2,000 கிலோவுக்கும் மேலாக வெளியேறியதற்குச் சமம். கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று வெளிப்புற யூனிட்டின் குழாய்ச் சுருளை அரித்து ஓட்டை போடுவது எல்லா ஏசி மெக்கானிக்குகளுக்கும் பழகிய சங்கதி. அவர்கள் வந்து கேஸ் நிரப்பிவிட்டுப் போகிறார்கள், சில மாதங்களில் மறுபடியும் வருகிறார்கள். போன வாயு எங்கே போனது என்று கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

இத்தனை செலவுக்குப் பிறகும் படைப்புகளாவது பாதுகாப்பாக இருக்கின்றனவா என்றால், அதுவும் இல்லை. நம் கூடங்களில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவற்றுக்கு 24 மணி நேரமும் குளிரூட்டும் வசதியோ பணமோ கிடையாது. காலை 11 மணிக்குக் கதவு திறக்கும்போது ஏசியைப் போடுகிறார்கள், மாலை 7 மணிக்குப் பூட்டும்போது அணைக்கிறார்கள். மழைக்காலம் ஒன்றில் ஒரு பழைய பங்களாவில் இயங்கும் கூடத்தில், கையடக்கமான டேட்டா லாக்கர் ஒன்றை ஓவியத்தின் பின்புறத்தில் ஒட்டிவைத்தேன். அது ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பதிந்துகொண்டே இருக்கும். பிறகு கணினியில் விரித்துப் பார்த்தபோது கோடு ரம்பப் பல்லைப் போல இருந்தது: பகலில் 50க்கு அருகே சரிவு, பூட்டிய சில மணி நேரத்தில் 80ஐ நோக்கி ஏற்றம், மறுநாள் மறுபடியும் சரிவு. அதே வீட்டில் ஏசியே இல்லாத பின்கட்டு அறையில் வைத்த லாக்கர் 70ஐச் சுற்றியே மெல்ல அசைந்துகொண்டிருந்தது. கித்தான் துணி, அதன் மேல் பூசிய பசை, அதற்கும் மேலுள்ள வண்ணப் பூச்சு ஆகிய மூன்றும் ஈரத்துக்கு வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குபவை. தினந்தோறும் இப்படி இழுபட்டால் வண்ணம்தான் முதலில் விரிசல் விடும். காலையில் கித்தானின் கீழ்மூலை தொய்ந்திருப்பதையும், மதியம் அது இறுகுவதையும், கண்ணாடி போட்ட நீர்வண்ணப் படத்தின் தாள் அலையலையாக எழுவதையும் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குளிர்ந்துபோன சட்டத்தின் பின்புறத்தில், அணைத்த ஏசிக்குப் பின் நுழையும் ஈரக்காற்று படிந்து, வாரங்களில் பூஞ்சை பிடிக்கிறது. பார்வையாளரின் வசதிக்காகப் போட்ட குளிரைப் படத்தின் பாதுகாப்பு என்று நாம் பெயர் சூட்டிக்கொண்டிருக்கிறோம்.

அளவுகோலை வகுத்த நாடுகளே அதை எப்போதோ தளர்த்தத் தொடங்கிவிட்டன என்பதுதான் இதில் என்னை மிகவும் வருத்துவது. 1990களின் நடுப்பகுதியிலேயே அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்து ஆய்வாளர்கள், மரமும் கித்தானும் வண்ணமும் எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்று சோதனைக்கூடத்தில் அளந்து, பெரும்பாலான பொருள்கள் இன்னும் அகன்ற வரம்பைத் தீங்கின்றித் தாங்கும் என்று சொன்னார்கள். இன்று அந்த நிறுவனத்தின் அருங்காட்சியகங்கள் கொண்டிருக்கும் வரம்பு 45 சதவீதத்துக்கு இருபுறமும் 8 சதவீதம். கனடாவின் கலைப்பொருள் பாதுகாப்பு ஆய்வாளர் ஸ்டீஃபன் மிகால்ஸ்கி இன்னொரு முக்கியமான கருத்தை வைத்தார்: ஒரு பொருள் தன் வாழ்நாளில் ஏற்கெனவே சந்தித்த மிகப் பெரிய ஏற்ற இறக்கத்தைவிடக் குறைவான மாற்றம் அதற்குப் புதிதாகச் சேதம் விளைவிப்பது அரிது. 2014இல் உலகக் கலைப்பொருள் பாதுகாப்பு வல்லுநர்களின் இரு பேரமைப்புகளும் ஹாங்காங்கிலும் மெல்பர்னிலும் கூடி ஒரு கூட்டறிக்கையை ஏற்றன. நிரந்தரக் காட்சிக்கும் சேமிப்புக்குமான அளவுகள் அந்தந்த ஊரின் தட்பவெப்பத்தில் எட்டக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. அதே காலத்தில் பெரும் அருங்காட்சியக இயக்குநர்களின் குழுவான பிசோ, தன் பசுமை நெறிமுறையில் 16 முதல் 25 டிகிரி, 40 முதல் 60 சதவீதம், ஒரு நாளைக்குள் 10 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்காமை என்று வரம்பை அகலப்படுத்தியது. 2023இல் அதைப் புதுப்பித்தும் வெளியிட்டது. ஸ்பெயினின் பில்பாவோ நகரிலுள்ள குகன்ஹைம் அருங்காட்சியகம் இந்தத் தளர்வைச் செயல்படுத்தி மின்கட்டணத்தில் பெருந்தொகையை மிச்சப்படுத்தியிருக்கிறது. நம் மேசைக்கு வரும் ஒப்பந்தங்களிலோ இன்னமும் 50க்கு மேலும் கீழும் 5 என்றே இருக்கிறது.

பிசோவின் 25 டிகிரிகூட நமக்கு இறுக்கமானதுதான். அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கத்தின் வழிகாட்டி, நிரந்தரச் சேகரிப்புகளுக்கு 50 சதவீதத்தையோ அல்லது அந்த இடத்தின் ஆண்டுச் சராசரி ஈரப்பதத்தையோ நடுப்புள்ளியாகக் கொள்ளலாம் என்று நெடுநாளாகவே சொல்லிவருகிறது. சென்னையில் நெய்து, சென்னையில் வரைந்து, சென்னையில் பல கோடைகளையும் மழைக்காலங்களையும் கண்ட ஒரு கித்தானுக்கு 60, 65 சதவீதம் பிறந்த வீடு. அதற்கு உண்மையான எதிரிகள் இரண்டு: 70க்கு மேல் நாள்கணக்கில் நின்று பூஞ்சையை வளர்க்கும் தேங்கிய காற்று, அப்புறம் அன்றாடம் ஏறி இறங்கும் அந்த ரம்பக் கோடு. தேங்கிய காற்றுக்கு மருந்து மின்விசிறியும், மழை மாதங்களில் மட்டும் ஓடும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும், சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்றோட விரலகல இடைவெளியும். ஏற்ற இறக்கத்துக்கு மருந்து கட்டடமே. தடித்த செங்கல் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் மெட்ராஸ் டெரஸ் கூரையும் கொண்ட பழைய வீடுகளின் சுவர்கள் ஈரத்தைத் தாமே வாங்கித் தாமே விடுபவை. அந்தச் சுவர்களின் மேல் ஜிப்சம் போர்டு அடித்து, பட்டி தேய்த்து, பிளாஸ்டிக் எமல்ஷன் பூசி, ஜன்னல்களை அடைத்து வெள்ளைப் பெட்டியாக மாற்றும்போது, காசில்லாமல் வேலை செய்துகொண்டிருந்த ஓர் இயந்திரத்தை அணைத்துவிட்டு மின்சார இயந்திரத்தை வாங்கி வைக்கிறோம். ஒளிப்பட எதிர்ப்படலங்களுக்கும் (நெகட்டிவ்) மிகப் பழைய காகிதங்களுக்கும் குளிர் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. அவற்றுக்குத் தேவைப்படுவது குளிர்ந்த ஒரு பெட்டகம், அல்லது ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்து மூடிய ஒரு கண்ணாடிப் பேழை. ஒரு படத்துக்காக முழுக் கட்டடத்தையும் குளிர்விக்க வேண்டியதில்லை.

விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் அது ஏறக்குறைய தீர்ந்துபோன சிக்கல். 50 வாட் ஹாலஜன் எரிந்த இடத்தில் 7 வாட் எல்இடி போதுமானதாக இருக்கிறது; அந்த 43 வாட் வெப்பத்தை வெளியேற்றும் வேலை ஏசிக்கும் மிச்சம். இன்னும் ஹாலஜன் வைத்திருக்கும் கூடங்கள் இந்த மாதமே மாற்றிவிடலாம்.

பெட்டிகளின் கதை வேறு. வெளிநாட்டுக்கு ஒரு படைப்பு போக வேண்டுமென்றால் அதன் அளவுக்கே தனியாக மரப்பெட்டி செய்ய வேண்டும். உள்ளே வெள்ளை ஃபோம் அடுக்குகள், மேலே பபிள் ராப், மூலைகளில் தெர்மாகோல், ஈரம் புகாமலிருக்கப் பாலித்தீன் தாள். பூச்சி பரவாமல் தடுக்கும் உலக விதிப்படி, முழு மரத்தாலான பெட்டியாக இருந்தால் மரத்தின் உட்பகுதிவரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்ற வேண்டும், அல்லது மீத்தைல் புரோமைடு என்னும் புகை போட வேண்டும். பிறகு கோதுமைக் கதிர் சின்னம் பொறித்த முத்திரை குத்தினால்தான் துறைமுகத்தில் விடுவார்கள். மீத்தைல் புரோமைடு ஓசோன் படலத்தை அரிக்கும் வாயு. பிளைவுட்டால் செய்த பெட்டிக்கு இந்தச் சடங்கு தேவையே இல்லை, ஏனெனில் பசையும் சூடும் அழுத்தமும் பட்ட அந்தப் பலகையில் பூச்சி வாழாது. இதைச் சொன்னால் பல கூடத்தார் வியக்கிறார்கள். இத்தனை பாடுபட்டுச் செய்த பெட்டி பெரும்பாலும் ஒரே ஒரு பயணம்தான் போகிறது. போன இடத்தில் திறந்து, படைப்பை மாட்டி, பெட்டியை வைக்க இடமில்லாமல் உடைத்துப் போட்டுவிடுகிறார்கள். எங்களுக்குப் பெட்டி செய்து தரும் ஆசாரி ஒருமுறை, வெளியூரிலிருந்து வந்திறங்கிய ஒரு பெரிய பெட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "இதுல ஒரு கீறல்கூட இல்ல தம்பி, இத ஒடைச்சு வெறகாக்கச் சொன்னா எப்படிக் கை வரும்?" என்று கேட்டார். அந்தப் பெட்டியின் உள்தட்டுகளை மட்டும் மாற்றி வேறு இரண்டு கண்காட்சிகளுக்கு அவரே பொருத்திக் கொடுத்தார். நெதர்லாந்தில் இதே வேலையை டர்டில் என்ற பெயரில் வாடகைப் பெட்டிகளாக நெடுங்காலமாக நடத்துகிறார்கள். உள்ளமைப்பை அளவுக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம். சென்னை, பெங்களூரு, கொச்சி ஆகிய மூன்று ஊர்க் கூடங்களும் சேர்ந்து பொதுவாகச் சில பெட்டிகள் வைத்துக்கொண்டாலே போதும், பாதிப் பலகை மிச்சமாகும் என்பது என் உறுதியான எண்ணம்.

பெட்டியைவிடப் பெரிய சுமை அது ஏறும் வாகனம். ஒரே எடையை ஒரே தூரத்துக்குக் கொண்டுபோக விமானம் வெளியிடும் கரியமிலத்தில் மிகச் சிறிய பங்கையே கப்பல் வெளியிடுகிறது; வேறுபாடு பல பத்து மடங்கு. இருந்தும் கலைப்படைப்புகள் விமானத்தில் பறப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம்தான், அந்த அவசரமும் நாமே உண்டாக்கிக்கொள்வது. கண்காட்சித் தேதியை ஓராண்டுக்கு முன்பே அறிவித்துவிட்டு, எந்தப் படைப்புகள் என்பதைக் கடைசி மாதத்தில் முடிவு செய்கிறோம். செங்கடல் பாதை ஆபத்தாகி 2023இன் இறுதியிலிருந்து கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கியதும் பயணம் மேலும் பத்துப் பதினைந்து நாள் நீண்டது. திட்டமிடாதவர்களுக்கு அது இன்னொரு சாக்காகிவிட்டது. 2020இல் லண்டன் கலைக்கூடத்தார் சிலர் சேர்ந்து தொடங்கிய கேலரி கிளைமேட் கோயலிஷன் அமைப்பு, 2030க்குள் உறுப்பினர்களின் வெளியேற்றத்தைக் குறைந்தது பாதியாக்குவது என்ற இலக்கை வைத்து, கப்பலை முதல் தேர்வாகக் கொள்ளச் சொல்லி வலியுறுத்திவருகிறது. யாரும் பயன்படுத்தக்கூடிய கரியமிலக் கணிப்பான் ஒன்றையும் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. அதற்கும் முன்பே, 2007இல், குஸ்தாவ் மெட்ஸ்கர் என்ற முதிய கலைஞர் கலைக்கான விமானப் பயணங்களைக் குறையுங்கள் என்று ஒரு துண்டறிக்கையை அச்சிட்டுக் கையில் கொடுத்தார். அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் குறைவு. ஒலாஃபர் எலியாசன் என்ற கலைஞர் 2020இல் டோக்கியோவில் காட்சி வைத்தபோது, ஜெர்மனியிலிருந்து போலந்து, ரஷ்யா, சீனா வழியாகத் தரைவழியே படைப்புகளை அனுப்பினார். பெட்டிகளுக்குள் சிறிய வரைகருவிகளை வைத்து, ரயிலின் ஒவ்வொரு குலுக்கலும் தாளில் கோடாக விழும்படி செய்தார். அந்தத் தாள்களே காட்சியில் இடம்பெற்றன. தாமதத்தைக் குறையாகக் கருதாமல் அதிலிருந்தே ஒரு படைப்பை எடுத்த அந்த மனப்பாங்கை நான் மிகவும் மதிக்கிறேன்.

எலியாசனின் இன்னொரு படைப்பைச் சொல்லி அவரைக் கேள்விக்குள்ளாக்குபவர்களும் உண்டு. 2015இல் பாரிஸ் காலநிலை மாநாட்டின்போது, கிரீன்லாந்துக் கடலில் மிதந்த பனிக்கட்டிகளில் 12 பாளங்களை, மொத்தம் 80 டன் எடையில், கொண்டுவந்து நகரச் சதுக்கத்தில் உருக விட்டார். அதற்கான கரியமிலக் கணக்கை ஜூலீஸ் பைசைக்கிள் என்ற அமைப்பு எடுத்தது. 30 டன் என்று வெளியிடவும் செய்தார்கள். அந்தச் செலவு தகுமா என்று இருதரப்பும் வாதிடலாம், ஏனென்றால் வாதிட ஓர் எண் கையில் இருக்கிறது. நம் ஊரில் எந்தக் கண்காட்சியின் விளக்கக் குறிப்பிலும் அப்படி ஓர் எண்ணை இதுவரை நான் படித்ததில்லை. அதே அமைப்பு 2021இல் உலகக் காட்சிக்கலைத் துறை முழுவதற்கும் போட்ட மதிப்பீட்டில் ஆண்டுக்கு 7 கோடி டன் வருகிறது, அதில் 5.2 கோடி டன் பார்வையாளர்களின் பயணத்தால் ஆவது. சுற்றுலாப் பயணிகளை நம்பும் பெருநகர அருங்காட்சியகங்களுக்கு இது விடை தெரியாத கணக்கு. ஆட்டோவிலும் பேருந்திலும் மெட்ரோவிலும் ஆட்கள் வந்துபோகும் நம் சிறிய கூடங்களுக்கு எஞ்சியிருக்கும் பொறுப்பு காற்றும் சரக்கும்தான்.

சுவரையும் எழுத்தையும் பற்றி மட்டும் என் சொந்த அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு காட்சிக்கும் புதிதாக எழுப்பி உடைக்கும் ஜிப்சம் சுவர்களுக்குப் பதிலாக, நட்டுப் போல்ட்டில் சேரும் பிளைவுட் தட்டிகளைச் சில கூடங்களுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். அவை காட்சிக்குக் காட்சி இடம் மாறி நிற்கின்றன. அறிமுகக் குறிப்பையும் படைப்பாளர் பெயரையும் வினைல் ஸ்டிக்கராக வெட்டி ஒட்டுவதுதான் வழக்கம். அது பிவிசி, உரித்தால் பந்தாகச் சுருண்டு குப்பைக்குப் போகும், மறுசுழற்சிக்கு எடுப்பாரில்லை. ஃப்ளெக்ஸ் அச்சு வந்தபின் வேலை இழந்த விளம்பரப் பலகை ஓவியர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழைத்துவந்து, நூல் பிடித்துச் சுண்ணக்கோடு அடித்து, சுவரிலேயே தூரிகையால் எழுதச் சொன்னோம். தமிழில் "ழ"வின் கால் எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது கணினி எழுத்துருவுக்குத் தெரியாது. காட்சி முடிந்ததும் ஒரு கோட்டிங் வெள்ளை அடித்ததோடு வேலை தீர்ந்தது. செலவு ஸ்டிக்கரை ஒட்டியே வந்தது, பணமும் ஒரு கலைஞரிடமே போனது.

குளிரூட்டாத இடங்களில் பெரிய காட்சி நடத்த முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் இடம் கொச்சி. 2012இல் தொடங்கிய கொச்சி-முசிறி பினாலே என்னும் ஈராண்டுக் கலைவிழா, நறுமணப் பொருளும் கயிறும் காப்பியும் அடுக்கிவைத்த பழைய வணிகக் கிடங்குகளிலேயே பெரும்பாலும் நடந்துவருகிறது. அவற்றுள் ஒன்றான ஆஸ்பின்வால் மாளிகையின் ஜன்னல்களுக்கு வெளியே கப்பல் போகும். உள்ளே உப்புக்காற்று வீசும். அந்தக் காற்றில் என்ன நிலைக்கும் என்று யோசித்தே கலைஞர்கள் பொருளைத் தேர்ந்தெடுக்க நேர்கிறது. முதல் பதிப்பில் கலைஞர் விவான் சுந்தரம், கேரளத்தின் பட்டணம் என்ற ஊரில் நடந்த அகழாய்வில் ஒதுக்கப்பட்ட பானை ஓடுகளைப் பரப்பி ஒரு பழந்துறைமுக நகரத்தையே தரையில் அமைத்தார். இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்த ஓட்டுக்கு எந்த ஏசி தேவை? 2018 வெள்ளம் வடிந்து சில மாதங்களே ஆன நிலையில், வங்கதேசக் கலைஞர் மார்சியா ஃபர்ஹானா, கேரள வீடுகளில் வெள்ளத்தில் பாழான பொருள்களைச் சேகரித்து அதே மாளிகையின் அறைகளில் தொங்கவிட்டார். குளிர்பெட்டியும் மரச்சாமானும் புத்தகங்களும் தலைக்கு மேலே, வெள்ளம் தூக்கிய உயரத்திலேயே நின்றுவிட்டவைபோல் இருந்தன. யாருக்கும் பயன்படாது என்று தெருவில் எறியப்பட்டவற்றைக் கொண்டு, புதிதாக எதையும் வாங்காமல், காலநிலை பற்றி இத்தனை வலுவாகப் பேசிய வேறொரு படைப்பை நான் அறியேன். 2022 பதிப்பில் கலைஞர் அசீம் வாகிஃப் அந்த முற்றத்தில் மூங்கிலைக் கொண்டு ஆள் நுழைந்து தட்டி ஓசை எழுப்பக்கூடிய பெரிய அமைப்பைக் கட்டினார். அதே பதிப்பின் தொடக்கம் டிசம்பர் 12இலிருந்து 23க்குத் தள்ளிப்போனதையும் மறைக்க வேண்டியதில்லை. மழையும் ஒழுகும் கூரையும் அதற்கான காரணங்களில் அடங்கும். ஏசி வேண்டாம் என்று சொல்பவர்கள் கூரையையும் மழைநீர்க் குழாயையும் மின்விசிறியையும் இருமடங்கு அக்கறையோடு பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

இப்போது நான் வேலை செய்யும் கூடம் ஒன்றில், அடுத்த காட்சிக்கான இரவல் படிவத்தை நாங்களே புதிதாக எழுதியிருக்கிறோம். ஈரப்பதம் 50 முதல் 65 சதவீதம். ஒரு நாளைக்குள் 10 சதவீதத்துக்கு மேல் மாற்றம் இல்லை. வெப்பநிலை 28 டிகிரிவரை. பூட்டிய பிறகும் மின்விசிறிகள் ஓடும். மழை நாள்களில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இரவிலும் இயங்கும். பெட்டி திருப்பி அனுப்பப்படும், உடைக்கப்படாது. 2014 கூட்டறிக்கையின் அந்த வரியையும் படிவத்தின் தலைப்பிலேயே சேர்த்திருக்கிறோம். சென்னைக் கலைஞர்கள் தயங்காமல் கையெழுத்திட்டார்கள். டெல்லிச் சேகரிப்பாளர் ஒருவர் மட்டும், கையெழுத்திடுவதற்கு முன்னால் அந்த அறையின் லாக்கர் பதிவுகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, இத்தனை நாளும் ஏசி இருக்கிறதா என்பதோடு நிறுத்திக்கொண்டவர்கள் அறையின் உண்மையான நிலையைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். புரட்டாசி முதல் கார்த்திகை முடியப் பதிவான முழுக் கோட்டையும் அவருக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் மறுத்தால் அந்த ஒரு படத்துக்கு மட்டும் மூடிய பேழை செய்வதாக ஆசாரியிடம் அளவு கொடுத்துவைத்திருக்கிறோம்.